பிறந்த வீட்டு ரத்தம்

டாக்டர் கேட்டது சாமியாத்தாளிடம். பதில் சொன்னது அவள் புருஷன் திருமூர்த்தி. காங்கேயம் பக்கத்துக் குடும்பங்களில் இது சாதாரணம். பெண்டாட்டிக்குப் பசிக்கிறதா என்று கேட்டால்கூடப் புருஷன்தான் யோசித்துச் சொல்வான்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி அறையில் அவர்களுடைய ஒரே மகன் அருள்குமார் படுத்திருந்தான். வயது இருபத்திரண்டு. துடியலூரில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனியில் வேலை. அன்று காலை வேலையில் இருக்கும்போதே மண்டை பிளக்கிற மாதிரி வலி வந்து, மூக்கில் ரத்தம் கொட்டி, சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். கூட வேலை செய்கிறவர்கள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிரஷர் இருநூற்றுப் பத்து. அதைப் பார்த்த நர்ஸ், மிஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொரு மிஷின் எடுத்துவந்து பார்த்தாள். அதிலும் அதே இருநூற்றுப் பத்து.

"உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே பிரஷர், பக்கவாதம், திடீர் சாவு, அந்த மாதிரி ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார் டாக்டர் சுந்தரராஜுலு.

திருமூர்த்தி முந்திக்கொண்டார். அவர் வகையறாவில் எண்பதைத் தாண்டாமல் யாரும் போனதில்லை என்றார். அவருடைய அப்பா போன மாதம்கூடத் தங்கள் எண்ணெய் மில்லுக்குச் சைக்கிளில் வந்துபோனதைச் சொன்னார். அந்த ஊரில் குடும்பம் என்றால் ஆண்வழிதான். கட்டிக்கொண்டு வந்தவளின் பிறந்த வீடு யாருக்கும் உடனே நினைவுக்கு வராது. டாக்டர் விடவில்லை. அம்மா வழியில் எப்படி என்று கேட்டார்.

"அவுங்கப்பா கெணத்துல தவறி உழுந்துட்டாருங்க. மூத்த மச்சானை மாடு முட்டிப்போடுச்சு. நோய்நொடின்னு ஒண்ணும் கெடையாதுங்க."

திருமூர்த்தி பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னார். பொய்க்காரி பக்கத்தில் நின்றுகொண்டு, ஹார்லிக்ஸ் ஆற்றிய டம்ளரைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாயைக் கட்டிப்போட்டது புருஷன் மட்டுமில்லை. சுவரோர நாற்காலியில் ஈரோட்டு மஞ்சள் மண்டி சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். சாமியாத்தாளின் தம்பி பாலகோபாலுடைய மகள் நந்திதாவை இந்தச் சென்னியப்பனின் தம்பி மகனுக்குத்தான் பேசியிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. சம்பந்தம் ஆகப்போகிற இடத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றால் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதை அன்றைக்கு அவளுக்கு எமனாக வந்து உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். சாமியாத்தாளின் அப்பா கிணற்றில் விழவே இல்லை. நாற்பத்தோரு வயதில், தலைவலி என்று கட்டிலில் படுத்தவர், வாந்தியெடுத்து, ஒரு பக்கம் வாய் கோணி, பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். அவருக்கு முன் அவருடைய அக்காவும் அப்படியே போயிருந்தாள். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறது. அந்த வீட்டில் பாதி வயதில் போய்விடுகிறார்கள் என்று ஊர் பேச ஆரம்பித்தால் எவன் பெண்ணெடுப்பான்? எழவுக்கு வந்தவர்களிடம் அம்மா கிணற்றைக் காட்டினாள். அடுத்த வருஷம் சாமியாத்தாளைப் பெண் கேட்டு வந்த திருமூர்த்தி வீட்டாரிடமும் அதே கிணற்றைத்தான் காட்டினாள்.

பெரியண்ணன் செல்லமுத்து முப்பத்தாறில் போனான். வண்டியில் மாடு பூட்டும்போது நுகத்தடியைப் பிடித்தபடியே சரிந்தான். பக்கத்தில் நின்றது காங்கேயம் காளை. பழி அதன் மேல் விழுந்தது. பொய் நிற்க வேண்டுமே என்று, அந்த மயிலைக் காளையை வந்த விலைக்கு அடிமாட்டுக்காரனிடம் தள்ளிவிட்டார்கள். சாமியாத்தாள் தன் கையால் பருத்திக்கொட்டை வைத்து வளர்த்த மாடு அது. லாரியில் ஏற்றும்போது அது அவளைத் திரும்பிப் பார்த்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. எழவுக்கு வந்த புருஷனிடம், மாடு முட்டியதைக் கண்ணால் பார்த்த மாதிரி அவளே சொன்னாள்.

மகன் படுத்திருக்கும் இந்த நேரத்திலும் அவள் வாய் திறக்கவில்லையே, இவளெல்லாம் ஒரு தாயா என்று கேட்கலாம். அவளும் அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெறும் பிரஷர்தானே, மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடும், வெள்ளிக்கிழமை போனபிறகு டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

மாத்திரை கொடுத்தார்கள். உடம்பில் இருக்கும் உப்பும் நீரும் வெளியே போனால் பிரஷர் இறங்கும் என்று நீர் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரஷர் கொஞ்சம்தான் இறங்கியது. அதற்குள் வேறு வம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூம் போக எழுந்த அருள்குமாருக்குக் கால் நிற்கவில்லை. முழங்கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தான். தூக்கிவிட்டால் துணி மூட்டை மாதிரி சரிந்தான்.

"அம்மா, காலே என்னுதில்லாத மாதிரி இருக்குதும்மா" என்றான்.

சாமியாத்தாள் அவனைத் தாங்கிப் பிடித்தாள். இதை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். செல்லமுத்து அண்ணன் சாவதற்கு ஆறேழு மாதம் முன்னால் காங்கேயத்து டாக்டர் ஒருவர் பிரஷருக்கு நீர் மாத்திரை கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் அண்ணன் கொப்பரைக் களத்தில் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தான். அம்மா மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு இளநீராக வெட்டிக் கொடுத்தாள். கால் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் எந்த மாத்திரையையும் தொடவில்லை. தொடாமலே செத்தான்.

அதே கட்டில், அதே கால், ஆள் மட்டும் வேறு என்று அவளுக்குப் பட்டது. இனிச் சந்தேகம் ஒன்றும் மிச்சமில்லை. இது அவள் கொடுத்தது. பாலோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

ரத்தத்தில் பொட்டாசியம் அபாயமாக இறங்கிவிட்டதென்று டாக்டர் நீர் மாத்திரையை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றினார். கால் தெம்பு மெல்லத் திரும்பியது. ஸ்கேன் எடுத்தார்கள். கிட்னிக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியில், இடது பக்கம் லேசான தடிப்பு தெரிந்தது. அது கட்டி, அதுதான் பிரஷரை ஏற்றுகிறது, சுரப்பியை எடுத்துவிட்டால் சரியாகும் என்று சர்ஜன் சொன்னார். சுந்தரராஜுலுவுக்கு முழு மனசில்லை. இவ்வளவு பிரஷரோடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, ஆனால் விட்டுவைப்பதும் ஆபத்து என்றார். இந்த வயதில் இவ்வளவு வருவதற்குக் காரணம் ஏதாவது இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி சாமியாத்தாளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புதன்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவானது.

திங்கட்கிழமை பாலகோபால் வந்தான். மருமகனைப் பார்த்துவிட்டு அக்காவை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்கும் எல்லாம் தெரியும். அதே வீட்டில் பிறந்தவன்தானே. அவள் பேச்செடுப்பதற்கு முன்னமே அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வெள்ளிக்கெழமை வரைக்கும் வாயைத் தொறந்துபோடாதக்கா. எம் புள்ளை வாழ்க்கை உன் கையிலதான் இருக்குது."

"எம் பையன் உசுரு ஆரு கையில இருக்குது பாலு?"

"அதான் டாக்டரு கண்டுபுடிச்சுட்டாரில்ல. கட்டியை எடுத்தாச் சரியாப் போயிரும்."

அவளும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டாள். அப்பாவுக்கும் அத்தைக்கும் அண்ணனுக்கும் ஒரே இடத்தில் கட்டி வந்திருக்குமா என்ற கேள்வியை விழுங்கிக்கொண்டாள். நந்திதா அருள்குமாருக்கு முறைப்பெண். இரண்டு வருஷம் முன்னால் பாலகோபால் அவளை இங்கேயே கொடுக்கக் கேட்டபோது, ஜாதகம் சேரவில்லை என்று தட்டிக்கழித்தது சாமியாத்தாள்தான். ஜாதகம் நன்றாகத்தான் சேர்ந்தது. ஒரே வீட்டு ரத்தம் இரண்டு பக்கமும் சேர்ந்தால் பேரன் பேத்திக்கு என்னாகுமோ என்ற பயத்தில் சொன்ன சாக்கு அது. தன் பிள்ளைக்கென்றால் பயம், ஊரான் பிள்ளைக்கென்றால் மௌனம். அவளுடைய இந்தக் கணக்கை நினைத்து அவளே வெட்கப்பட்டாள். ஆனாலும் தம்பி கும்பிட்ட கையைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் எதையும் சாப்பிடவில்லை. மகன் நன்றாக ஆக வேண்டுமென்று விரதம் இருக்கிறாள் என்று திருமூர்த்தி நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை ஸ்ட்ரெச்சர் வந்தது. அருள்குமாருக்குப் பச்சைத் துணி உடுத்தி ஏற்றினார்கள். ஆபரேஷனுக்குப் போகிறவனை வழியனுப்ப எல்லோரும் வந்திருந்தார்கள். பாலகோபால் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றான். சென்னியப்பன் மடிப்புக் கலையாத வேட்டியில் ஈரோட்டிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார். திருமூர்த்தி மகனின் தலையைத் தடவினார். மயக்க டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இன்னும் நூற்றுத் தொண்ணூறுக்குக் கீழே வரவில்லை. சர்ஜனும் அவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தள்ளலாம் என்று சர்ஜன் சைகை காட்டினார்.

வண்டி நகர்ந்தது. தியேட்டர் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. சாமியாத்தாள் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

விடுங்கம்மா என்றாள் நர்ஸ். பயப்படாதே அம்மணி என்றார் திருமூர்த்தி. அவள் விடவில்லை. சுந்தரராஜுலு கதவோரம் நின்றார், ஆனால் அவள் அவரிடம் பேசவில்லை. யாரை ஏமாற்றினாளோ அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்கப்பா கெணத்துல உழுகலீங்க."

திருமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, சும்மா இரு" என்றான் பாலகோபால்.

"தலை வலிக்குதுன்னு படுத்தாருங்க. வாய் கோணிப்போயிச் செத்தாரு. நாப்பத்தியொரு வயசு. எங்கண்ணனை மாடு முட்டலீங்க. அதே தலைவலிதான். எங்கத்தையும் அப்படியேதான் போனாங்க. எனக்கு எல்லாந் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் உங்களைக் கட்டிக்கிட்டேன்."

பாலகோபாலின் கையிலிருந்த திருநீறு தரையில் கொட்டியது. சென்னியப்பன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

சுந்தரராஜுலு கிட்டே வந்தார். கோபப்படவில்லை. யார் யார், எத்தனை வயதில், எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணனுக்கு நீர் மாத்திரை சாப்பிட்டுக் கால் விழுந்ததையும், இளநீரில் கால் திரும்பியதையும் சொன்னபோது அவர் நிமிர்ந்து சர்ஜனைப் பார்த்தார்.

"வண்டியைத் திருப்புங்க" என்றார்.

சர்ஜனுக்கு எரிச்சல். இருந்தாலும் ஸ்ட்ரெச்சர் திரும்பியது.

அறையில் வைத்துப் பிற்பகலில் டாக்டர் விளக்கினார். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்க ஒரு ஹார்மோன் இருக்கிறது. அது எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்ல ஒரு மேஸ்திரி உண்டு. இந்த மாதிரிக் குடும்பங்களில் பிறக்கும்போதே ஏற்படும் கோளாறால், அந்த ஹார்மோன் தன் மேஸ்திரியை விட்டுவிட்டு வேறொரு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டுச் சுரந்துகொண்டே இருக்கும். கட்டியால் வருவதில்லை, சுரப்பியை வெட்டி எடுத்தாலும் போகாது. சின்ன வயதிலேயே மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும். உலகத்திலேயே அபூர்வம். இதன் காரணத்தைக் கண்டுபிடித்தே நாலு வருஷம்தான் ஆகிறது, தானே புத்தகத்தில் படித்திருக்கிறேனே தவிர நோயாளியைப் பார்த்ததில்லை என்றார். உறுதி செய்யும் பரிசோதனை இங்கே கிடையாது, மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. அந்த இன்னொரு மேஸ்திரியின் வாயை அடைக்க, எந்த மெடிக்கல் ஸ்டோரிலும் கிடைக்கும் குட்டி மாத்திரை ஒன்று போதும்.

கூடவே சாமியாத்தாளின் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நூற்று எழுபது. எண்ணெய் மில்லின் கொப்பரைப் புகையால் வருகிறதென்று பல வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்த தலைவலிக்கு அன்றைக்குத்தான் பேர் தெரிந்தது.

சென்னியப்பன் போகும்போது எந்த வருத்தமும் காட்டவில்லை. "தம்பி நல்லானதும் சொல்லி அனுப்புங்க. போயிட்டு வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார். சாயங்காலம் பாலகோபால் டெலிபோன் பூத்திலிருந்து ஈரோட்டுக்குப் பேசினான். வெள்ளிக்கிழமை வீட்டில் ஏதோ சௌகரியப்படவில்லையாம், பிறகு பார்த்துக்கொள்ளலாமுங்க என்றார்களாம். கொங்கு நாட்டில் முகத்திலறைந்து யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பிறகு பார்க்கலாம் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாலகோபால் பூத்திலிருந்து நேராக மாடிக்கு வந்தான். "அன்னிக்கு ஜாதகம் சேரலைன்னு நீ எதுக்குச் சொன்னேன்னு இப்பத் தெரியுதுக்கா. எம் புள்ளை கல்யாணத்தைக் கொன்னுபோட்டே. இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான்.

திருமூர்த்தி கத்தவில்லை, அடிக்கவில்லை. பேசாமல் இருந்தார். அது அதைவிடப் பெரிய தண்டனை. மகனுக்கு மாத்திரை கொடுப்பார், டிபன் வாங்கி வருவார், அவள் பங்கை மேஜைமேல் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். ஒரு நாள் தண்ணீர் டம்ளரை வாங்கும்போது மட்டும் வாயைத் திறந்தார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல அம்மணி."

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். அத்தனை நாளும் அடக்கிவைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. அவர் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குட்டி மாத்திரையைத் தொடங்கிய முதல் நான்கைந்து நாள் பிரஷர் இம்மியும் அசையவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ, தியேட்டர் வாசலில் மகனின் சிகிச்சையைத் தடுத்துத் தம்பி மகளின் வாழ்வையும் கெடுத்து, ஒன்றுமில்லாமல் போகிறதோ என்று சாமியாத்தாள் தவித்தாள். நர்ஸ் பட்டையைக் கட்டும்போதெல்லாம் பாதரசத்தைப் பார்க்காமல் நர்ஸின் முகத்தையே பார்த்தாள். பிறகு இறங்கத் தொடங்கியது. நூற்று எழுபது, நூற்று ஐம்பத்தைந்து, நூற்று நாற்பது. அருள்குமார் தானாக எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். சுந்தரராஜுலு சின்னப் பையனைப் போலச் சிரித்தார். சர்ஜன் அந்தப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காலை, அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் நந்திதா. கையில் ஒரு ஒயர்க்கூடை, முகத்தில் தூக்கமில்லாத வீக்கம். தனியாக நின்றாள்.

சாமியாத்தாள் விலகி வழிவிட்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள், திட்டட்டும் என்று நின்றாள். நந்திதா உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்து சேலை முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள்.

"எனக்கும் பாக்கச் சொல்லுங்க அத்தை. ஒரு வருசமா எனக்கும் தலைவலிங்க. தாலி ஏறற வரைக்கும் வெளிய சொல்லாதேன்னு அம்மா சொல்லிப்போட்டாங்க."

டாக்டரே பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. இன்னொரு கையிலும் பார்த்தார். அதே நூற்றுத் தொண்ணூறு. இந்த நிலையில் கல்யாணமாகிப் பிள்ளை உண்டாகியிருந்தால் என்று ஆரம்பித்தவர், பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தினதே போதும். சாமியாத்தாள் அவளைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். தான் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றப் பார்த்தது எந்த வாழ்க்கையை என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"அப்பா வல்லியா கண்ணு?"

"வரமாட்டேன்னுட்டாருங்க. உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாராம். ஆனா மொத பஸ்ஸுக்கு அவருதான் கொண்டாந்து ஏத்தி உட்டாரு. பஸ்ஸு எடுக்கற வரைக்கும் தலையைப் புடிச்சுக்கிட்டே நின்னாருங்க அத்தை."

அப்பாவுக்கு என்ன வயது என்று டாக்டர் கேட்டார். நந்திதா நாற்பது முடியப்போகிறது என்றாள். டாக்டர் மெல்ல நிமிர்ந்து சாமியாத்தாளைப் பார்த்தார். அவள் அவர் பேசுவதற்காகக் காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பையை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்டே?" என்றார் திருமூர்த்தி.

"காங்கேயத்துக்குங்க. அவனைக் கூட்டிக்கிட்டு வாரேன்."

"அவன்தான் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறானே."

"மூஞ்சியப் பாக்க வேண்டாங்க. கையை மட்டும் நீட்டட்டும்."